எறும்பு செத்த கதையும் ஐந்து வயதுக் கணக்கும்

புது தில்லி: மக்களவையில் ஓர் உறுப்பினர் மற்றொருவரைப் பார்த்துப் "பொய்யர்" என்று கூறிவிட்டால், அச்சொல் அவைக்குறிப்பில் நீடிப்பது அரிது. நடைமுறை விதி 380-இன் கீழ் அதை நீக்க அவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. எனவே அனுபவசாலிகள் "உண்மைக்கு மாறான தகவல்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வர். அவை முடிந்து வீடு திரும்பியதும் அவர்களும் நாட்டின் ஏனைய பெற்றோரைப் போலவே உண்மைக்கு மாறான தகவல்களைத் தாராளமாக வழங்கக்கூடும். கேட்பவர்களுக்கு மூன்று, நான்கு வயது என்பதால் ஒழுங்குப் பிரச்னை எழுப்ப அங்கே ஆளில்லை.

வட இந்திய வீடுகளில் குழந்தை தவறி விழுந்து அழத் தொடங்கினால், தாய் தரையைச் சுட்டிக்காட்டி "ஐயோ, எறும்பு செத்துப் போயிற்று பார்" என்பார். குழந்தை அழுகையை மறந்து, இல்லாத எறும்பைத் தேடும். மிட்டாயை மறைத்துவிட்டு "காக்கை தூக்கிச் சென்றுவிட்டது" என்று கையை விரிப்பது தில்லியிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. மொழிக் கொள்கையில் ஒத்துப்போகாதவர்கள்கூட காக்கையின் மீது பழிபோடுவதில் ஒன்றுபடுகின்றனர். பழக்கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்பதும் அவ்வாறே. தேநீர் குடித்தால் கறுத்துப் போவாய் என்பதை மட்டும் தீங்கற்ற பொய்களின் கணக்கில் சேர்க்க இயலாது. தேநீரைத் தடுக்கச் சொன்ன பேச்சு, கறுப்பு என்றால் தாழ்வு என்பதையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறது.

தமிழகத்தின் பூச்சாண்டிக்கு ஈடாக இங்கே தோளில் பையுடன் பிள்ளை பிடிக்க வரும் "ஜோலிவாலா பாபா" இருக்கிறார். 1975-இல் வெளியான "ஷோலே" படத்தில், தூங்க மறுக்கும் பிள்ளைகளைத் தன் பெயரைச் சொல்லியே தாய்மார்கள் மிரட்டுவதாகக் கொள்ளையன் கப்பர் சிங் பெருமையடித்துக்கொள்வான். படம் ஓடிய பிறகு அது பல வீடுகளில் மெய்யாகவே நடந்தது.

ஆனால், பூச்சாண்டிக்குப் பெரியவர்களே அஞ்சிய காலமும் உண்டு. 2001-ஆம் ஆண்டு மே மாதம் காஜியாபாதிலும் கிழக்கு தில்லியிலும் "கறுப்புக் குரங்கு மனிதன்" இரவில் பாய்ந்து பிறாண்டுவதாகச் செய்தி பரவியது. மின்வெட்டு காரணமாக மொட்டை மாடிகளில் உறங்கியவர்கள், யாரோ கூச்சலிட்டதும் பதறிக் கீழே குதித்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. போலீஸார் வரைபடம் வெளியிட்டுத் தேடியும் யாரும் அகப்படவில்லை. கூட்டு மனப்பீதி என்று நிபுணர்கள் முடிவு கூறினர்.

இவையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லப்படும் பொய்கள். பிள்ளைகளையே சொல்ல வைக்கும் பொய் ஒன்று இருக்கிறது. அதற்கு உரிய இடம் ரயில். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் சலுகைக் கட்டணம். இதன் பயனாக, இந்திய ரயில்களில் குழந்தைகள் நான்கு வயதிலும் பதினொரு வயதிலும் நீண்ட காலம் தங்கிவிடுகின்றனர். "பரிசோதகர் மாமா கேட்டால் நாலு என்று சொல்" என்ற பாடம் ரயில் நிலையத்திலேயே நடத்தப்படும். விவரமறிந்த பரிசோதகரோ வயதைக் கேட்பதில்லை, "என்ன வகுப்பு படிக்கிறாய்?" என்பார். மூன்றாம் வகுப்பு என்று பெருமையுடன் பதில் வரும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர இரண்டு இரவுகள். ஒரு குழந்தை ரகசியம் காக்கக்கூடிய தூரமன்று அது.

2016 ஏப்ரல் 21 முதல், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம், பெற்றோருடன் இடத்தைப் பகிர்ந்துகொண்டால் பாதிக் கட்டணம் என ரயில்வே மாற்றியது. அதன்பின் ஏழு ஆண்டுகளில் இம்மாற்றத்தால் மட்டும் சுமார் 2,800 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைத்தது, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்றின் மூலம் 2023-இல் தெரியவந்தது. தில்லி மெட்ரோ வயதைக் கேட்கும் சங்கடமே வைத்துக்கொள்ளவில்லை. மூன்று அடிக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை பெரியவர் துணையுடன் இலவசமாகச் செல்லலாம். அளவுகோலுக்கு முன் பாடம் பலிக்காது.

வயதைக் குறைப்பதில் ரயிலைக் காட்டிலும் தொலைநோக்கு கொண்டது பள்ளிச் சேர்க்கை. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவந்து மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளிக்குத் தகுதி என்றிருந்த காலத்தில், பெற்றோர் சொன்னதே பிறந்த தேதி. வட மாநிலங்களில் பள்ளி தொடங்கும் ஜூலை 1-ஆம் தேதியில் பிறந்தோர் ஏராளம். அரசுப் பணி கிடைத்தால் இரண்டாண்டு கூடுதலாக இருக்கட்டும் என்று, சிலேட்டுடன் நிற்கும் பிள்ளையின் ஓய்வு பெறும் நாளை அன்றே தள்ளிவைத்த தந்தையர் உண்டு. பிற்பாடு அதைத் திருத்துவது எளிதன்று. பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் கோரினால்தான் மத்திய அரசு பரிசீலிக்கும்.

பிறந்த தேதி இரண்டாக இருந்தால் என்னாகும் என்பதை உத்தரப் பிரதேசம் கண்டது. 2017 பேரவைத் தேர்தலில் சுவார் தொகுதியில் வென்ற, சமாஜவாதித் தலைவர் ஆஸம் கானின் மகன் அப்துல்லா ஆஸமுக்குப் பள்ளிப் பதிவின்படி பிறந்த தேதி 1993 ஜனவரி 1. பிறப்புச் சான்றிதழ்படி 1990 செப்டம்பர் 30. பள்ளிப் பதிவே பிழை என்பது குடும்பத்தின் வாதம். ஆனால், போட்டியிட 25 வயது நிறையவில்லை எனக் கூறி 2019 டிசம்பரில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போலிச் சான்றிதழ் வழக்கில் தந்தை, தாய், மகன் மூவருக்கும் ராம்பூர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் மூவருக்கும் ஜாமீன் வழங்கியது.

இத்தகைய கணக்குகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் மசோதா, 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மணிப்பூர் அமளிக்கிடையே மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பிறப்பு - இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி, 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியின் ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். கூச்சலில் இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

பொய் சொல்ல முடியாமல் போனது நல்லதே. ஆனால் உண்மையைச் சொல்வோரிடமும் சான்றிதழ் இருக்கவேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்போது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 89 சதவீதத்தினரின் பிறப்பே பதிவாகியிருந்தது. செங்கல் சூளைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் எஞ்சியோரில் அடங்குவர். ஓராண்டுக்கு மேல் தாமதமானால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்ட அளவிலான அதிகாரியின் உத்தரவின்றிப் பதிவு செய்ய இயலாது. "வெள்ளம் வந்த வருஷம் பிறந்தான்" என்ற தாயின் சொல்லைக் கேட்டுத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் முடிந்துவிட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் அனுமதி மறுக்கக்கூடாது என 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. இவ்விரு சட்டங்களில் எது மேலோங்கும் என்பது, 2023 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர வரும்போது தெரியும்.