ஈ-டைப் மீது ஆசையா? முதலில் வாடகைக்கு எடுங்கள்!

1961-ம் ஆண்டு மார்ச் 15. ஜெனீவா மோட்டார் கண்காட்சியை ஒட்டி ஜாகுவார் நிறுவனம் தன் புதிய ஸ்போர்ட்ஸ் காரைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. பார்த்தவர்கள் எல்லாருமே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கையிலிருந்த வண்டியை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. இன்னொன்றை உடனே கொண்டுவரச் சொல்லி இங்கிலாந்தின் கவென்ட்ரி தொழிற்சாலைக்குத் தகவல் போனது. சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ் கிளம்பி, இரவு முழுக்க ஓட்டி, மறுநாள் காலை ஜெனீவாவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த வண்டிதான் ஈ-டைப். அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அதில் வந்து நிற்கும். எந்த வருட மாடல் நல்லது, எந்த இன்ஜின் உசத்தி, எவ்வளவு கொடுக்கலாம், எந்த மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று விவாதம் ஓயாது. வாங்கத் துடிப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: நல்ல நிலையில் இருக்கும் ஓர் ஈ-டைப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பந்தயத்தின் வாரிசு

லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது ஜாகுவார் டி-டைப். அதன் வாரிசு ஈ-டைப். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மால்கம் சேயர். விமானத் துறையிலிருந்து கார் துறைக்கு வந்தவர். ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டே தீர்மானித்தவர். காற்றின் தடையைக் குறைக்கப் போட்ட கணக்கு, கண்ணுக்கும் அழகாக அமைந்துவிட்டது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1996-ல் ஓர் ஈ-டைப்பைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

முதல் வண்டிகளில் 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்கள், 265 குதிரைத்திறன். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் வேகம் என்பது அன்று பந்தயக் கார்களின் கணக்கு. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். இத்தனையும் வரியோடு சேர்த்து 2,100 பவுண்ட் அளவில் கிடைத்தது. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விலை. 1974-ல் உற்பத்தி நிற்பதற்குள் 72,000-க்கும் அதிகமான ஈ-டைப்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது.

இன்றைய சிக்கலின் வேர் அந்த மலிவு விலையில்தான் இருக்கிறது. வண்டியை விறுவிறுவென்று செய்து விற்றார்கள். துருவைத் தடுக்கும் பூச்சுக்கு அந்தக் காலத்தில் யாரும் மெனக்கெடவில்லை. புதுக்கருக்கு போனதும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை சரிந்தது. மூன்றாவது, நான்காவது ஓனர்களுக்கு வண்டி வாங்கக் காசு இருந்தது, பராமரிக்க இல்லை. பிறகு எண்பதுகளின் கடைசியில் பழைய கார்களின் விலை விண்ணைத் தொட்டபோது, வீணாகிக் கிடந்தவற்றையெல்லாம் இழுத்து வந்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து விற்றவர்கள் ஏராளம். ஆகவே, ஒரே வருடம், ஒரே நிறம், ஒரே மாடல் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஈ-டைப்களில் ஒன்று பொக்கிஷமாகவும் மற்றொன்று பணத்தை விழுங்கும் பள்ளமாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

வாடகை வண்டி ஓர் அளவுகோல்

பிரிட்டனில் பழைய கார்களை நாள் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஈ-டைப்புக்கு அவற்றில் தனி மவுசு. அந்த வண்டிகள் வாரத்துக்கு வாரம் பழக்கமில்லாத கைகளுக்குப் போய் வருகின்றன. நடுவழியில் நின்றால் நிறுவனத்துக்குத்தான் நஷ்டம். அதனால் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாவற்றையும் அவர்கள் ஒழுங்காக வைத்திருந்தே ஆக வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான். நன்றாக ஓடும் வண்டி எப்படி இருக்கும் என்று உடம்பு ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாதவரிடம், "பழைய வண்டியென்றால் இப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால், நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில. குறைந்தபட்ச வயது என்ன? ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பலரும் 25 அல்லது 30 என்று வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு லைசென்ஸ் செல்லுமா? ஒரு நாளைக்கு எத்தனை மைல் வரை ஓட்டலாம், தாண்டினால் மைலுக்கு எவ்வளவு? விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் போக நம் கையிலிருந்து எவ்வளவு போகும்? நடுவழியில் நின்றால் யார் வருவார்கள்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வண்டியைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு ஓட்டுங்கள். முதலில் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். 1962-ன் தொடக்கம் வரை வந்த வண்டிகளின் தரை தட்டையாக இருக்கும். உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடம் போதாது. 3.8 லிட்டர் மாடலில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் சத்தமில்லாமல் விழும். ஓடும்போது போட்டால் பற்கள் கரகரவென்று உரசும். பிரேக்கை இன்றைய கார்களை விட அழுத்தி மிதிக்க வேண்டும். சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் எங்கே போகிறது, மறுபடி ஓடத் தொடங்கியதும் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். கால்மாட்டில் அடிக்கும் இன்ஜின் சூட்டையும் மூக்கில் ஏறும் பெட்ரோல் வாசனையையும் நினைவில் வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் முகத்தில் சிரிப்பு இருந்தால் இந்த வண்டி உங்களுக்கானது. இது நமக்கு ஒத்து வராது என்று தோன்றினாலும் லாபமே. ஒரு நாள் வாடகையோடு போயிற்று.

எந்த மாடல்?

சீரிஸ் 1 வண்டிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். அவற்றிலும் 1961 முதல் 1964 வரை வந்த 3.8-ஐத் தூய்மைவாதிகள் தூக்கிப் பிடிப்பார்கள். 1964-ல் வந்த 4.2 லிட்டரில் எல்லா கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது, பிரேக் மேம்பட்டது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, சீட்டும் சொகுசானது. 1966-ல் பின்சீட்டோடு கூடிய 2+2 சேர்ந்தது. 1968 முதல் வந்த சீரிஸ் 2-ல் ஹெட்லைட்டுக்கு மேலிருந்த கண்ணாடி மூடி கிடையாது. அமெரிக்க விதிகளுக்காகச் செய்த மாற்றம் அது. ஆனால் காற்று நுழையும் வாய் பெரிதானதால் இன்ஜின் சூடாவது குறைந்தது. 1971-ல் வந்த சீரிஸ் 3-ல் 5.3 லிட்டர் வி12 இன்ஜின், பவர் ஸ்டியரிங். நெடுந்தூரப் பயணத்துக்குச் சுகமான வண்டி.

சேகரிப்பாளராக இல்லாமல் ஓட்டுவதற்காக வாங்குபவர் என்றால் என் தீர்ப்பு 4.2 லிட்டர் சீரிஸ் 1. அந்தத் தொகை கைக்கு எட்டாவிட்டால் நல்ல சீரிஸ் 2. மோசமான சீரிஸ் 1-ஐ விட நல்ல சீரிஸ் 2 ஆயிரம் மடங்கு மேல்.

காந்தமும் காதும்

பார்க்கப் போகும்போது இன்ஜினில் ஆரம்பிக்காதீர்கள். எக்ஸ்.கே. எனப்படும் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் உழைக்கப் பிறந்தது; கெட்டாலும் பிரித்து மாட்டலாம். செலவு முழுக்க பாடியில்தான். ஈ-டைப்புக்குத் தனி சேஸி கிடையாது. நடுப்பகுதி தகடுகளால் ஆன ஒரே கூடு. இன்ஜினைச் சுமப்பது அதன் முன்னே போல்ட் போட்டு மாட்டிய குழாய்ச் சட்டங்கள். கூட்டின் பலமெல்லாம் கதவுக்குக் கீழே பெட்டி போல ஓடும் 'சில்' பகுதியில் இருக்கிறது. தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில் நெடுக, சக்கர வளைவுகளின் விளிம்பில், பின்கதவின் கீழே மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி நிரப்பிய இடத்தில் பிடி விட்டுப்போகும். அடுத்து, கதவை மூடிப் பார்த்து, சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்று கவனியுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கிய பிறகும் கதவு அதே போலத் திறந்து மூடினால் கூடு திடமாக இருக்கிறது. திறந்த ரோட்ஸ்டரில் இது இன்னும் முக்கியம். முன்பக்கக் குழாய்ச் சட்டங்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். விரிசல், ஒட்டு வெல்டிங் தென்பட்டால் மாற்றியாக வேண்டும்.

இனி காதுக்கு வேலை. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்னாலிருந்து கலகலவென்று சத்தம் வந்தால் டைமிங் செயின். மேல் செயினின் தொய்வைச் சரிசெய்வது எளிது. கீழ்ச் செயின் என்றால் பெரும்பாலும் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டிவரும். நன்றாகச் சூடேறிய பிறகு, 3,000 சுற்றில் ஆயில் பிரஷர் 40 பி.எஸ்.ஐ. காட்டினால் ஆரோக்கியம். கடைசியாக வண்டிக்கு அடியில் பாருங்கள். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டி இருப்பதால், அங்கே ஆயில் கசிந்தால் பிரேக்கில்தான் விழும். ஒழுங்காகச் சரிசெய்ய பின் சஸ்பென்ஷனைக் கூண்டோடு இறக்க வேண்டும். நாள் கணக்கில் கூலி கேட்கும் வேலை.

காகிதங்களையும் விடாதீர்கள். சேஸி, இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள் தொழிற்சாலையில் பதிவானவையே என்றால் விலை கூடும். ஜாகுவாரின் பாரம்பரிய ஆவணக் காப்பகம் அதற்குச் சான்றிதழ் தருகிறது. எல்லாம் சரியாகப் பட்டாலும், ஈ-டைப்பையே தொழிலாகக் கொண்ட மெக்கானிக் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துப்போய்க் காட்டாமல் முன்பணம் தராதீர்கள்.

வாங்கிய பிறகு

அசலாகவே வைத்துக்கொள்வதா, மாற்றங்கள் செய்வதா என்று சண்டையே நடக்கிறது. பெரிய ரேடியேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன், ஐந்து கியர் பாக்ஸ், பலமான பிரேக் என்று பலர் மாற்றுகிறார்கள். தகட்டை வெட்டாமல், எப்போது வேண்டுமானாலும் பழையபடி திருப்பக்கூடிய மாற்றம் எதுவும் தவறில்லை என்பது என் கருத்து. கழற்றிய அசல் பாகங்களை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

பிரிட்டன் சட்டம் இந்த வண்டிகளுக்குத் தாராளமானது. நாற்பது ஆண்டு கடந்து, 'வரலாற்று வாகனம்' என்று பதிவானவற்றுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யாதிருந்தால், எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் இந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள். சின்னத் தொகைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் ஆண்டுக்கொருமுறை பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்த்துச் சொல்வதை எதற்கு வேண்டாம் என்பது? இன்ஷூரன்ஸை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு மதிப்பைப் பற்றி வாதாட வேண்டிவரும். 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். உயர் ரகப் பெட்ரோலையே போடுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள். செலவை ஈடுகட்ட உங்கள் வண்டியையே வாடகைக்கு விட நினைத்தால், சாதாரண பாலிசி அதற்குச் செல்லாது என்பதை மறக்காதீர்கள்.

உதிரி பாகங்களுக்குக் கவலையில்லை. போனட் முதல் திருகாணி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஜாகுவார் டிரைவர்ஸ் கிளப், ஈ-டைப் கிளப் போன்ற அமைப்புகளில் வண்டி வாங்கும் முன்பே சேரலாம். நல்ல மெக்கானிக் யார், விற்பனைக்கு வரும் வண்டியின் பூர்வோத்திரம் என்ன என்பதெல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும்.

ஓடாமல் நிற்கும் ஈ-டைப்பில் ரப்பர் சீல்கள் காயும், பிரேக் இறுகும், பெட்ரோல் டாங்கில் துரு சேரும். ஓட்டுவதுதான் அதற்கு மருந்து. ஆகவே கைவசம் இருக்கும் பணம் முழுவதையும் வாங்கும் விலையிலேயே கொட்டிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடப் பழுதுக்கென்று ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்க முடியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம்; ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு எடுத்து ஆசை தீர ஓட்டுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.