பத்து முறை போட்டும் ஏன் விழவில்லை?

ஜப்பானில் ரசிகர் மன்றத்துக்குச் சந்தா கட்டினால் பெரும்பாலும் கிடைப்பது இசை நிகழ்ச்சி டிக்கெட் அல்ல. குலுக்கலில் முன்கூட்டியே பெயர் போடும் உரிமைதான். டோக்கியோ டோம் அரங்கில் சுமார் 55,000 பேருக்கு இடமுண்டு. அதைப்போல் பத்து மடங்கு பேர் கேட்டால், ஒருவருக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று.

"பத்து காட்சிக்குப் போட்டேன், ஒன்றாவது விழ வேண்டாமா?" என்று ரசிகர் கொதிப்பார். கோபம் நியாயம்தான், கணக்குதான் தப்பு. ஒரு குலுக்கலில் தோற்கும் வாய்ப்பு 0.9. பத்திலும் தோற்க, பத்து 0.9-களைப் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 0.35. அதாவது நூறு பேரில் 35 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். போன தடவை தோற்றவர் யார் என்பது கணினிக்கு நினைவிருக்காது. தாயக்கட்டை மாதிரி, ஒவ்வொரு முறையும் புதிதாக உருளும்.

பிறகு ஏன் குலுக்கல்? முந்தியவருக்கே டிக்கெட் என்றால் வெல்வது ரசிகரல்ல, கள்ளச்சந்தைக்காரரின் தானியங்கி நிரல். கொள்ளை விலை மறுவிற்பனைக்கு எதிரான சட்டமும் அங்கே 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

தொடர்ந்து தோற்பவருக்குக் கூடுதல் குலுக்கல் சீட்டு தர நிரலில் சில வரிகள் போதும். சந்தா வாங்குபவர்கள் அதையாவது செய்யலாம்.