பயற்றுச் செடிகளும் நீர்வறட்சியும்

சங்கரன்கோவிலைச் சார்ந்த குருவிகுளத்துக் கரிசல் நிலங்களை நாம் அறிவோம். வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி அங்கே உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கப்படுகின்றன. பூக்குந் தருணத்தில் மழை தவறுமாயின் பூவும் பிஞ்சும் உதிர, உழவன் இட்ட விதைக்கும் முதலின்றிப் போகும். ஆயினும் அக்காலத்துச் செடி வாளா வாடி நிற்பதன்று. தன்னுள்ளே பல ஏற்பாடுகளைச் செய்துகொள்கின்றது. அவற்றுள் ஒன்றையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுக்களை மூலவோலைகள் எனக் கொள்வோம். மூலவோலை இடம் பெயராது. அதன் படியே வெளிவரும். அப்படியோலைதான் செய்தி ஆர்.என்.ஏ. எனப்படுவது. அதனை நோக்கியே புரதங்கள் ஆக்கப்படுகின்றன. நுண் ஆர்.என்.ஏ.க்களோ 21 முதல் 24 வரையான எழுத்துக்களே உடைய சிறு துண்டுகள். அவற்றுள் ஒரு வகை, கொண்டையூசிபோல் மடிந்த நீண்ட ஆர்.என்.ஏ.யினின்று டைசர் இனப் புரதத்தால் நறுக்கப்படும். ஆர்கோநாட் என்னும் புரதம் அத்துண்டினைத் தாங்கிச் சென்று, அதனோடு இயையும் படியோலையைக் கண்டவிடத்து வெட்டிவிடும். ஓலை போயின் புரதமும் இல்லை. எழுதுதலினும் அழித்தலால் நடைபெறும் ஆட்சி இது! 1993ஆம் ஆண்டில் ஒரு சிறு புழுவினிடத்தே இவ்வகைத் துண்டினைக் கண்டறிந்த அம்ப்ரோஸ், ருவ்கன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

நிற்க. வறட்சியில் நிகழ்வது யாது? பீன்ஸ் செடியில் 2009இல் வெளிவந்த மெக்சிகோ நாட்டாராய்ச்சியின்படி, நீர் குன்றியபோது 393 என எண்ணிட்ட நுண் ஆர்.என்.ஏ. மிகுந்தது. ஆக்ஸின் என்னும் வளர்ச்சியூக்கியை உணரும் புரதத்தின் ஓலையை வெட்டுவது இதன் தொழில். வளர்ச்சி தணியவே செலவும் தணியும். பஞ்சகாலத்துக் குடும்பத் தலைவி அடுப்பெரிப்பதைச் சுருக்குதல் போல்வது. 169ஆம் எண்ணினதோ இதற்கு மாறானது. அரபிடாப்சிஸ் என்னும் களையில் நீரற்ற காலத்து இது குறைய, இதனால் அடக்கப்பட்டிருந்த புரதம் மிகுந்து, இலைத்துளைகள் ஒடுங்கின.

எல்லாம் இங்ஙனம் தெளிவாக இருப்பின் நன்று. குதிரைமசாலின் இனமாகிய மெடிகாகோச் செடியில், 398ஆம் எண்ணினது ஓர் ஆராய்ச்சியில் மிகுந்தது, பிறிதொன்றில் குறைந்தது. செடியின் வயது, மண், வறட்சியின் கடுமை ஆகியன வேறுபட விடையும் வேறுபடும் போலும். எண்ணைக் கண்டவுடன் மருந்து கண்டதாக எண்ணுவோரை நாம் சற்றுப் பொறுக்கும்படி வேண்டுவோம்.

ஆயினும் கொண்டைக்கடலையில் 2015ஆம் ஆண்டு துருக்கி நாட்டார் 408ஆம் எண்ணினதை மிகுவித்து வளர்த்த செடிகள், ஏனையவற்றினும் வறட்சியை நன்கு தாங்கின. அவை சோதனைச் செடிகள். குருவிகுளத்திற்குக் கிழக்கே கோவில்பட்டியில் 1901 முதல் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், வெடித்த கரிசலிலே நின்று காட்டும் உளுந்துக்குத்தான் நம் உழவர் காத்திருக்கின்றனர்.