காற்கூறும் முக்காற்கூறும்: கல்லூரி வகுப்பைத் தொலைவழிக்கு மாற்றும் ஆசிரியருக்குத் துணைசெய்தல் – கல்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

2020 மார்ச்சில் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது வகுப்பறைக் கற்பித்தல் சில வாரங்களுக்குள் தொலைவழிக்கு மாற்றப்பட்டது. அப்போது ஆசிரியர்களுக்குக் கிடைத்த துணை பெரும்பாலும் மென்பொருள் பயிற்சியாகவே அமைந்தது. பாடங்கேட்டலை நன்னூல் பகுத்துக்காட்டும் முறையைக் கொண்டு நோக்கின், அப்பயிற்சி கற்றலின் காற்பங்கை மட்டுமே இடம்மாற்றிற்று என்பது புலனாகும். எஞ்சிய முக்காற்பங்கை மாற்றுவதற்கே ஆசிரியர் துணையை வேண்டி நிற்கிறார். கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கே அமைந்த கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு, இளங்கலைத் தமிழ்ப் பாடங்கள் வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொலைவழிக் கற்பித்தல், நன்னூல், பாடங்கேட்டல், யாப்பு, கல்வராயன் மலை, ஆசிரியர் பயிற்சி.

மூடப்பட்ட வகுப்பறை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, நான்கு திங்கள் நிறையும் முன்பே பெருந்தொற்றை எதிர்கொண்டது. 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டின் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரிலும் ஏனையோர் 2021 பிப்ரவரியிலுமே கல்லூரிக்குத் திரும்பினர். அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்ட வகுப்பறைகள் 2021 செப்டம்பரில்தான் திறந்தன.

இக்காலத்தில் நிகழ்ந்ததை இணையவழிக் கல்வி என்று அழைப்பது பிழை என 2020 மார்ச் இறுதியிலேயே சார்லஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட ஐந்து அமெரிக்கக் கல்வியாளர்கள் எடுத்துரைத்தனர். பல திங்கள் திட்டமிட்டு வடிவமைக்கப்படுவது இணையவழிக் கல்வி. இடர் நேர்ந்தபோது இருப்பதைக் கொண்டு நடத்துவது நெருக்கடிக்காலத் தொலைவழிக் கற்பித்தல். இவ்வேறுபாடு பெயரளவினதன்று. முன்னதை அளக்கும் கோலால் பின்னதை அளந்தால், ஆசிரியரும் மாணவரும் தோற்றவர்களாகவே தெரிவர்.

தமிழகத்திற்குத் தொலைவழி புதிதுமன்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆயினும், 2020 கோடையில் நாடெங்கும் பெருகிய இணையவழிப் பயிலரங்குகளில் இவ்வனுபவம் பேசப்பட்டது அரிது. ஜூமில் திரையைப் பகிர்வது, கூகுள் வகுப்பறையில் கோப்பேற்றுவது, வினாநிரல் அமைப்பது ஆகியனவே பெரிதும் கற்பிக்கப்பட்டன. நிறைவில் மின்சான்றிதழ் தவறாது வந்தது.

மலையும் அலைவரிசையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு கூறாக வழங்கப்படுகிறது. வெள்ளிமலை இம்மலை வட்டத்தின் தலைநகர். இங்கு வாழ்வோர் பெரும்பாலும் ‘மலையாளி’ எனும் பட்டியல் பழங்குடியினர். பெயர் கேரளத்தை நினைவூட்டினும் இவர்தம் தாய்மொழி தமிழே. சிற்றூர்கள் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசிக் கோபுரத்தின் அலை மேட்டைக் கடந்து பள்ளத்தில் இறங்குவது கடினம். எனவே ஒரே ஊரில் ஒரு வீட்டில் கிட்டும் தொடர்பு அடுத்த வீட்டில் கிட்டாமற்போவது இத்தகைய நிலவமைப்பில் இயல்பு. பருவக் கூலிவேலைக்குக் கேரளம், கர்நாடகம் எனச் செல்லும் குடும்பங்களும் உண்டு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டபோது, சாலை முதலிய அடிப்படை வசதிகளே அங்கு இன்னும் பேசுபொருளாக இருந்தமையை நினைவிற்கொள்ள வேண்டும்.

சமவெளியில் விடுதியில் தங்கிப் படித்த மலை மாணவர், விடுதி மூடப்பட்ட நாளில் ஊர் திரும்பினர். வகுப்போ அவர் சென்ற இடத்திற்குச் செல்லவில்லை. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு (75ஆம் சுற்று) இந்திய ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிடமே கணினி இருந்ததாகவும், 14.9 விழுக்காட்டிற்கே இணைய வசதி இருந்ததாகவும் காட்டுகிறது. தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவை 9,69,047 கல்லூரி மாணவர்க்கு விலையின்றி வழங்க முன்வந்தது. நல்ல முயற்சியே. எனினும், மணிக்கு அரை ஜிபிக்குக் குறையாத காணொலி வகுப்பு நாளில் ஐந்து மணி நேரம் நடந்தால் 2 ஜிபியும் போதாது. அலை எட்டாத ஊரில் அட்டை இருந்தும் பயனில்லை.

கணக்கு இங்குத் தெளிவாகப் பேசுகிறது. வினாடிக்கு 32 கிலோபிட் வீதத்தில் பதிந்த 20 நிமிட ஒலிக்கோப்பு 5 எம்பிக்குள் அடங்கும். அரை ஜிபியில் அத்தகைய கோப்புகள் நூறு கொள்ளும். மாணவர் வாரத்திற்கொருமுறை மேட்டிற்கு வந்து அவ்வாரப் பாடங்களை இறக்கிக்கொண்டு இறங்கலாம். காணொலி வகுப்புக்கோ, அவர் நாள்தோறும் மணிக்கணக்கில் அம்மேட்டிலேயே நிற்க வேண்டும்.

நன்னூலின் பங்கீடு

ஒலிக்கோப்பு போதுமெனில் ஆசிரியருக்கு இதில் அரிதானது யாது என்ற வினா எழும். விடை பவணந்தியாரிடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் சொல்லலையும் கேட்டலையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. ஒரு நூலை இருமுறை கேட்பவனுக்குப் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மும்முறை கேட்பவன் முறையறிந்து பிறர்க்குரைப்பான் என்றும் அது கூறும். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாக மனங்கொண்டாலும் புலமையில் காற்கூறே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. இதனைத் துல்லியமான அளவீடாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் வகுப்பறை என்பது ஆசிரியர் குரல் மட்டுமன்று என்பதை இதைவிடச் சுருங்கச் சொன்ன இலக்கணம் வேறில்லை.

இவ்விளக்கத்தைக் கொண்டு 2020ஐ நோக்குக. ஒரு மணி நேர உரையை ஒரு மணி நேரத் திரையுரையாக்கிய ஆசிரியர் காற்கூறை மாற்றினார். உடன்பயிலல் ஒலியடைக்கப்பட்ட கட்டங்களுக்குள் நின்றுபோயிற்று. எடுத்துரைத்தல் அறவே நிகழவில்லை. மறுபுறம், நேரடி வகுப்பு தராத ஒன்றைத் தொலைவழி தரக்கூடும்: இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கும் வாய்ப்பு. பதிவுசெய்யப்படாத நேரலை வகுப்பு அவ்வாய்ப்பையும் கைவிட்டது.

ஆகவே ஆசிரியருக்குத் துணைசெய்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா ‘எந்தச் செயலி தெரியும்?’ என்பதன்று; ‘உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் என்னென்ன நிகழ்கின்றன?’ என்பதே.

ஒரு யாப்பு வகுப்பு

இதனை யாப்பிலக்கண வகுப்பொன்றில் பொருத்திப் பார்க்கலாம். ஆசிரியர் ஒரு வெண்பாவைக் கரும்பலகையில் எழுதுகிறார், ஓசையோடு படிக்கிறார், அசை பிரிக்கும் விதியை நினைவூட்டுகிறார், ஒரு மாணவரை அழைத்து அலகிடச் சொல்கிறார். அவர் ஈற்றுச்சீரைத் தேமா என எழுத, பின்வரிசையிலிருந்து ‘காசு’ என்றொரு குரல் எழுகிறது. ஏன் என்று ஆசிரியர் கேட்கிறார். குற்றியலுகரம் அன்றுதான் பலருக்கும் விளங்குகிறது. அவ்வொரு மணியில் நான்கு செயல்கள் உள்ளன: விதி சொல்லல், ஓசை கேட்பித்தல், அலகிடல், பிழையைப் பலரறிய ஆய்தல்.

நான்கும் ஒரே ஊர்தியில் ஏறா. விதி ஒரு பக்க அச்சுத்தாளில் அடங்கும். அதனைக் காணொலியில் படித்துக்காட்டுவது வீண். ஓசைக்குச் செவியே போதும். செப்பலையும் அகவலையும் வேறுபடுத்தி ஆறு நிமிடம் ஒலித்துப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினால், மாணவர் விரும்பியபடி திரும்பத் திரும்பக் கேட்கலாம். நெரிசலான திரையில் விட்டுவிட்டு வரும் குரலில் துள்ளலோசை வெறும் துண்டோசையாகிவிடும். அலகிடல் மாணவரின் ஏட்டில் நிகழ்ந்து, ஒளிப்படமாக ஆசிரியரை அடையலாம். ஆசிரியர் அதனைத் தட்டச்சில் திருத்துவதினும் ஒரு நிமிடக் குரல்பதிவில் திருத்துவது எளிது. பேசுபவரின் பரிவும் அதில் கேட்கும்.

நான்காவதே கடினமானது, துணை மிகுதியும் வேண்டப்படுவதும் இங்குதான். வகுப்பை நால்வர், ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே ஒன்றுகூடித் தம் விடைகளை ஒப்பிடச் செய்யலாம். இணைப்பழைப்பிற்கு இணையம் வேண்டுவதில்லை. ஒத்துவராத இடத்தை மட்டும் குழு ஆசிரியருக்குத் தெரிவிக்கும். வார இறுதியில் ஆசிரியர் மிகுதியாக வந்த ஒரு பிழையை எடுத்துப் பதினைந்து நிமிடம் நேரலையில் பேசுவார். அது பதிவாகி, வர இயலாதவர்க்குச் செல்லும். அதற்கடுத்த வாரம் அவ்விதியை விளக்கி மூன்று நிமிடம் பேசிப் பதிவது மாணவர் பணி. நன்னூல் சொன்ன அரைப்பங்கு இவ்வாறு மீள்கிறது.

ஒரு மணி நேர வகுப்பை இவ்வாறு பிரித்தமைக்க முதன்முறை பல மணி நேரம் ஆகும். இவ்வுழைப்பைப் பணிச்சுமையாகக் கணக்கிடாத எந்தப் பயிற்சித் திட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும். குறிப்பாக, அரசுக் கலைக்கல்லூரிகளில் வகுப்புகளைப் பெருமளவில் சுமக்கும் கௌரவ விரிவுரையாளரிடம், அவருடைய சொந்தக் கைப்பேசியிலும் சொந்தத் தரவிலும் இதனைச் செய்யுமாறு கேட்பது முறையன்று.

எழுத்துருச் சிக்கல்

பொதுவான பயிற்சிக் கையேடுகள் காணாத தடையொன்று தமிழ்த்துறைக்கு உண்டு. பல்லாண்டு தட்டச்சு செய்து வைத்த பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஆசிரியரின் கணினியில் தமிழாகத் தெரியும் அக்கோப்பு, மாணவரின் கைப்பேசியில் பொருளற்ற உரோமன் எழுத்துகளாக விரியும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றது. கல்லூரி மேசைகளில் அம்மாற்றம் இன்றும் முற்றவில்லை. ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் மாற்றிய பின் ஒற்றும் கொம்பும் பிறழ்ந்திருப்பின் திருத்த ஒருவர் வேண்டும். துறைக்கு ஒருவரை இப்பணிக்கு அமர்த்துவது பத்துப் பயிலரங்குகளினும் பயன் தரும் என்று கூறலாம்.

மலையே நூலகமாகும் தாள்

நாட்டார் வழக்காற்றியல் தாளில் நிலைமை தலைகீழாகிறது. வகுப்பறையில் இருக்கும்போது மலை மாணவர் தம் ஊரின் பாடலைப் பற்றி அச்சுநூலில் படிக்கிறார். வீட்டில் இருக்கும்போது பாடுபவரே பக்கத்தில் இருக்கிறார். காஞ்சியிலிருந்து தம் முன்னோர் மலையேறினர் என மலையாளி மக்களிடையே வழங்கும் வரலாற்றுக் கதையைப் பல வாய்மொழி வடிவங்களில் தொகுப்பது, ஆசிரியரால் கல்லூரியிலிருந்து செய்ய இயலாத பணி. சொல்பவரின் ஒப்புதலைப் பெற்று, அவர் பதிய வேண்டா என்றதைப் பதியாது விட்டு, ஒலிபெயர்த்து அனுப்பும் மாணவர் அங்குப் பிறர்க்கு உரைப்பவராகிறார். சமவெளி மாணவர்க்கும் இது பொருந்தும். திருக்கோவலூரினர் தென்பெண்ணையாற்றிலுள்ள கபிலர் குன்றைப் பற்றி ஊரார் சொல்வதையும் புறநானூற்று மரபையும் ஒப்பிட்டெழுதலாம்.

வருகையும் மதிப்பீடும்

பல்கலைக்கழகங்கள் பலவும் தேர்வெழுத 75 விழுக்காடு வருகையை வேண்டுகின்றன. திரையில் பெயர் தோன்றுவதே வருகை எனக் கொண்டால், அலை எட்டாத ஊரின் மாணவர் படித்தும் வராதவராவார். பெயரை ஒளிரவிட்டு உறங்கியவர் வந்தவராவார். மாணவர் அனுப்பிய ஏட்டுப்படம், குரல்பதிவு, குழு அழைப்பின் குறிப்பு ஆகியவற்றை வருகையாகக் கொள்ளும் விதி துறையளவில் முடிவுசெய்யத்தக்கதன்று. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவும் கல்விக்குழுவும் எழுத்தில் வழங்க வேண்டும். அவ்வெழுத்து இல்லாதவரை, பிரித்தமைத்த வகுப்பை நடத்தும் ஆசிரியர் பதிவேட்டின்முன் தனித்து நிற்பார்.

இது கடந்துபோன ஈராண்டுச் செய்தி மட்டுமன்று. 2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துருவம், ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்த இடந்தந்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது வடதமிழகக் கல்லூரிகள் பலவற்றிற்கு விடுமுறை விடப்பட்டது. பருவத்திற்கு ஒரு தாள் வீதம், அச்சுத்தாளும் ஒலிக்கோப்பும் குழுப்பட்டியலும் கொண்ட பொதியொன்றைத் துறையில் முன்னரே ஆயத்தம் செய்து வைக்கலாம். அதன் ஒலிக்கோப்புகள் ஒரு நினைவக அட்டையில் அடங்கும். அச்சுத்தாள்கள் ஓர் உறையில் அடங்கும். இரண்டும் வெள்ளிமலைக்குப் பேருந்திலேயே செல்லக்கூடியவை.