கடைசித் தவணை யார் கையில்?

வீடு கட்டும் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது சதுர அடி ரேட்டை. அடுத்து எந்த சிமென்ட், எந்தக் கம்பி, எந்த டைல்ஸ். கடைசிப் பக்கத்தில் "மீதித் தொகை வேலை முடிந்ததும் தரப்படும்" என்று ஒரு வரி இருக்கும். அதில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

போன வருஷம் என் சித்தப்பா மகன் வீடு கட்டக் கிளம்பினான். மூன்று கான்ட்ராக்டர்கள் கொடுத்த ஒப்பந்த வரைவுகளை அனுப்பி, "அண்ணா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க" என்றான். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் ஆள். ஆனா 'இது நடந்தால் அது செய்' என்கிற மாதிரியான வரிகளைப் படிப்பதுதான் எனக்குத் தினசரி வேலை. மூன்று வரைவுகளிலும் அந்தக் கடைசி வரி என்னை நிறுத்தியது. அதைத் தொடர்ந்து படித்ததன் குறிப்புகள் இவை.

சுருக்கமாகச் சொன்னால்: கடைசித் தவணை எப்போதும் ஒரு நிகழ்ச்சியில் தொங்குகிறது. அந்த நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பணத்தின் பிடியும் அவரிடம்தான்.

"வேலை முடிந்தது" என்றால் என்ன?

கான்ட்ராக்டரைக் கேட்டால் பெயின்ட் அடித்துச் சாவி கொடுத்தால் முடிந்தது. வீட்டுக்காரரைக் கேட்டால் குழாயில் தண்ணி வரணும், இ.பி. இணைப்பு வரணும், கழிவறைத் தரையில் தண்ணி தேங்கக் கூடாது, மாடிப்படிக் கைப்பிடி ஆடக் கூடாது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு பொருள், அவ்வளவுதான்.

பெரிய கட்டடங்களுக்கு அரசு தரும் முடிவுச் சான்றிதழ் உண்டு. அதன் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் சிறிய வீடுகளுக்கு அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு தருகின்றன. வசதிதான். ஆனா வேலை எந்த நாளில் முடிந்தது என்று சொல்ல மூன்றாவது ஆளின் காகிதம் எதுவும் இருக்காது. ஒப்பந்தமே சொன்னால்தான் உண்டு.

ஒரு வரைவில் "உரிமையாளர் முழுத் திருப்தி அடைந்த பின்" என்று இருந்தது. தம்பிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. திருப்திக்கு அளவுகோல் கிடையாது. குடிபோய் ஆறு மாதம் கழித்தும் "இன்னும் திருப்தி இல்லை" என்று பணத்தை நிறுத்தி வைக்கலாம். இது தெரிந்த கான்ட்ராக்டர் என்ன செய்வார்? அந்தக் கடைசித் தொகை வராது என்று வைத்துக்கொண்டே ரேட்டைப் போடுவார், முன் தவணைகளை ஊதிவிடுவார். நியாயமில்லாத வரிக்கான விலையைக் கடைசியில் வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார்.

எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய். மொத்தம் 28,80,000. தவணைகள் இப்படி: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மட்டம் 20, லிண்டல் 20, ரூஃப் கான்கிரீட் 25, பூச்சு 15, டைல்ஸ் 5, சாவி கொடுக்கும்போது 5.

ரூஃப் போட்ட அன்றே 75 சதவீதம், அதாவது 21,60,000 ரூபாய் கைமாறிவிடும். பூச்சு, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு, ஜன்னல், பெயின்டிங் எல்லாம் மிச்சமுள்ள 7,20,000 ரூபாய்க்குள் நடக்க வேண்டும். வீடு பார்க்க முக்கால்வாசி முடிந்த மாதிரி இருக்கும். செலவுக் கணக்கில் அப்படி இல்லை.

டைல்ஸ் முடிந்து அதற்கான பணமும் போன பிறகு, பாக்கி 1,44,000 ரூபாய். பெயின்டிங், கேட், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் என்று மீதி வேலைகளுக்கு இரண்டு லட்சம் ஆகும் என்று வையுங்கள். அப்படியே விட்டுவிட்டு அடுத்த சைட்டுக்குப் போனால் கான்ட்ராக்டருக்கு 56,000 ரூபாய் மிச்சம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனா ஒப்பந்தம் அவரைக் கிளம்பச் சொல்கிறது. எந்தக் கட்டத்திலும் நிற்கும் பணம், நிற்கும் வேலையின் செலவைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்கணும். சதவீதத்தைவிட இந்த ஒப்பீடுதான் முக்கியம்.

இதைத் தம்பி எடுத்துச் சொன்னபோது கான்ட்ராக்டர் கேட்டது: "சார், சனிக்கிழமை ஆனா ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும். நீங்க கடைசியில மொத்தமா நிறுத்தி வெச்சா நான் எங்க போவேன்?" நியாயமான கேள்வி. பெரிய தவணைகளைச் சிறிதாக உடைத்ததில் வழி கிடைத்தது. ரூஃப் வரை 60 சதவீதம். அதற்குப் பிறகு உள்பூச்சு, வெளிப்பூச்சு, டைல்ஸ், பெயின்டிங் என்று நாலு சின்னத் தவணையாக 30. கடைசி 10 சதவீதத்துக்கு வேறு ஏற்பாடு.

கடைசிப் பத்தை இரண்டாகப் பிரிப்பது

இது புதிய யோசனை இல்லை. உலகெங்கும் பெரிய கட்டுமானங்களில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், பிடித்து வைத்த பணத்தில் முதல் பாதி கட்டடத்தை ஒப்படைக்கும்போது விடுவிக்கப்படும். மறுபாதி, குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்த பிறகு. ஒப்படைப்பு வேறு, குறையில்லாமல் இருப்பது வேறு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

வீட்டுக்கு இதைக் கொண்டுவரும்போது மாத எண்ணிக்கையைவிடப் பருவம் முக்கியம். ஜனவரியில் சாவி வாங்கி, ஆறு மாதம் குறைநீக்கக் காலம் என்று எழுதினால் ஜூலையில் அது முடிந்துவிடும். சென்னைப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மொட்டைமாடி ஒழுகுமா, வெளிச்சுவரில் ஓதம் ஏறுமா என்று தெரியும் முன்பே கெடு தீர்ந்துவிடும். "ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை" என்று எழுதுவதுதான் அர்த்தமுள்ளது.

பில்டரிடம் ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ தெரியும் குறைகளைப் பில்டர் 30 நாளில் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அது மனை மேம்பாட்டாளருக்கானது. சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டுகிறவர் தன் ஒப்பந்தத்தைத்தான் நம்பணும்.

மௌனத்துக்கும் பொருள் வேண்டும்

ஒப்படைத்த பிறகு வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் இருந்தால்? இதற்கு நல்ல விடை கட்டுமானத்துக்கு வெளியே கிடைத்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்குகிறவர், பேசிய தேதியில் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்பு நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. மென்பொருள் வேலையில் "வாடிக்கையாளர் ஏற்ற பின் பணம்" என்ற வரியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும் சிறு குழுக்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

வீட்டு ஒப்பந்தத்துக்கு நான் எடுத்துக்கொண்டது அதிலுள்ள உத்தியை மட்டும். தம்பியின் ஒப்பந்தத்தில் கடைசியாக இடம்பெற்ற வரிகள் இவை:

"இணைப்பிலுள்ள வேலைப் பட்டியல் முடிந்ததாகக் கான்ட்ராக்டர் எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் உரிமையாளர் குறைகளை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டாலோ குடியேறிவிட்டாலோ வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். அப்போது 7 சதவீதம் தரப்படும். அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழை முடிந்து, அதில் தெரிந்த கசிவுகள் சரிசெய்யப்பட்டதும் மீதி 3 சதவீதம் தரப்படும்."

28,80,000 ரூபாயில் இது முறையே 2,01,600, 86,400. இரண்டு தரப்புக்கும் எப்போது என்ன என்று தெரியும்.

கடைசி பில்லில் நுழைகிறவை

இறுதித் தவணைச் சண்டைகளில் பாதி, தவணையைப் பற்றியதே இல்லை. எக்ஸ்ட்ரா வேலை, பரப்பளவு, வரி இந்த மூன்றும்தான். போர்டிகோவை முழு அடியாகக் கணக்கிடுவதா பாதியாகவா? சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் ரேட்டுக்குள் வருமா? பொருளோடு சேர்த்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது ரேட்டில் அடக்கமா, தனியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். எக்ஸ்ட்ரா வேலைக்கு, "தொகையை எழுதி இருவரும் ஒப்பாத வேலைக்குப் பணம் இல்லை". வாட்ஸப் செய்தியும் எழுத்துதான் என்று அதிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இன்னொரு காகிதம், கடைசிப் பணம் தரும்போது நீட்டப்படும் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி எதுவும் இல்லை". இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, ஒருவர் தனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். மனமொப்பிப் போட்ட கையெழுத்து அப்படி விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடும். மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கிய கையெழுத்து கட்டுப்படுத்தாது என்று 2008இல் போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா வற்புறுத்தல் நடந்ததைக் காட்ட வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். "பாக்கியைக் கேட்கும் உரிமையோடு பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி சேர்ப்பது, பின்னால் கோர்ட்டுக்கு அலைவதைவிட எளிது.

அடுத்த முறை ஒப்பந்தம் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். எது நடந்தால் பணம், நடந்தது என்று யார் சொல்வார், சொல்லாவிட்டால் என்ன ஆகும், அப்போது நிற்கும் தொகை மீதி வேலைக்குப் போதுமா. இந்த நாலுக்கும் காகிதத்திலேயே விடை கிடைத்த பிறகு ரேட்டைப் பேசலாம்.