பாட்டனார் அச்சும் பேரனார் துணியும்

புதிய டிசைன் வேண்டும் என்று சந்தை கேட்கிறது. பழைய டிசைனைக் கைவிடாதீர்கள் என்று பெரியோர் கூறுகின்றனர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தொழிலாளி எவ்வழியைப் பின்பற்றுவது? இதற்கு விடையாக, குஜராத்தின் கட்ச் பகுதியில் துணியில் அச்சடிக்கும் ஒரு குடும்பத்தின் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கட்சில் 'அஜ்ரக்' என்றொரு துணி உண்டு. கருநீலமும் செம்மையும் நிறைந்த பருத்தித் துணியில், வெள்ளைக் கோடுகள் நட்சத்திரங்களையும் பூக்களையும் வகுத்துக் காட்டும். கால்நடை மேய்க்கும் முஸ்லிம் ஆடவர் இதனைத் தலைப்பாகையாகவும் லுங்கியாகவும் தோள்துண்டாகவும் அணிந்து வந்தனர். இதனை அச்சடிக்கும் கத்ரி குலத்தினர், பதினாறாம் நூற்றாண்டில் கட்ச் மன்னரின் அழைப்பின்பேரில் சிந்துவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்தம் மரபு. சரண் ஆற்றின் நீரை விரும்பியே அவர்கள் தமட்கா என்னும் ஊரில் குடியேறினர்.

இக்குலத்தில் தோன்றியவர் இஸ்மாயில் கத்ரி. அவர் தந்தையார் முகமது சித்தீக் காலத்தில் ரசாயனச் சாயம் பரவிவிட்டது. அதில் வேலை சுலபம், செலவும் குறைவு. மேய்ப்பர்களோ மலிவான மில் துணிக்கு மாறினர். முன்னோர் சாய முறை மறையும் நிலை வந்தது. முகமது சித்தீக் 1970-களில் இயற்கைச் சாயத்துக்குத் திரும்பி, அதனைத் தம் புதல்வர்களுக்கும் கற்பித்தார்.

அச்சாயங்களின் பட்டியலைப் பார்த்தால் நம் விவசாயிகள் மகிழ்வர். துணியை ஆமணக்கெண்ணெயும் ஒட்டகச் சாணமும் சோடாவும் கலந்த நீரில் பதப்படுத்தி, பின்னர்க் கடுக்காய் நீரில் தோய்க்கின்றனர். வெள்ளைக் கோட்டுக்குச் சுண்ணாம்பும் பிசினும், கறுப்புக்கு இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்த நீரும் புளியங்கொட்டை மாவும், சிவப்புக்குப் படிகாரமும் மஞ்சிட்டி வேரும், நீலத்துக்கு அவுரி. அவுரி நம் விழுப்புரம் மாவட்டத்திலும் பயிராவதன்றோ? ஆகவே ஒரு டிசைன் வாழ்ந்தால் வயலும் வாழும்.

இனி வடிவங்களைக் காண்போம். பேரீச்சங்காய், பாதாம், சம்பங்கி மொட்டு எனக் கட்டைகளுக்குப் பெயர்கள் உண்டு. எகிப்தில் கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத் என்னும் பழம்பதியில், இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து சென்ற அச்சுத் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. பல துண்டுகள் ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் காட்சிசாலையில் இருக்கின்றன. கட்சில் இன்றும் அடிக்கும் வடிவங்களின் முன்னோர்களை அவற்றில் அடையாளம் காணலாம். பாட்டனார் கட்டை, கடல் கடந்து வாணிபம் செய்த சரக்கின் வாரிசு என்பது இதனால் விளங்கும்.

அப்பழமையைப் பேழையில் பூட்டி வைக்கவில்லை இக்குடும்பத்தினர். மேய்ப்பர்களின் துண்டுக்கென அமைந்த கரையையும் உடலையும் சேலைக்கும் மேலாடைக்கும் பொருந்துமாறு மாற்றியமைத்தனர். கட்டை பழையது, அதனை வைக்கும் இடம் புதியது. 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இஸ்மாயில் கத்ரிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

இதற்கிடையில் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. சரண் ஆறு முன்னரே வற்றிவிட்டது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பம் தமட்காவை இடித்துத் தள்ளியது. அதன்பின் நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்தது. இரும்பு கலந்த நீரில் சிவப்பு மங்கி இருளும் என்பதைச் சாயத் தொழில் அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கட்டையும் கைத்திறனும் இருந்தும், நீர் கெட்டால் டிசைன் கெட்டது. கத்ரி குடும்பங்கள் பல ஒன்றுகூடி, நல்ல நீர் கிடைக்கும் இடத்தில் நிலம் வாங்கிப் புஜ் நகருக்கு அருகே புதிய ஊர் அமைத்தன. அதற்கு அஜ்ரக்பூர் என்றே பெயர் சூட்டின. வேறு சிலர் தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தனர்.

தனி ஒரு குடும்பம் கட்டையைக் காக்கலாம். நீரையும் ஊரையும் காக்கப் பலர் கூட வேண்டும். இதனையே நாம் கூட்டுறவு என்கிறோம். அஜ்ரக்கைப் போன்ற போலி அச்சுத் துணி இன்று மலிவு விலையில் கடைதோறும் கிடைக்கிறது. 2024-ஆம் ஆண்டில் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் கூட்டாகப் பெற்ற உரிமையே.

நம் அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியாரின் சேலை ஒன்றேனும் இருக்கும். அதன் கரையின் பெயர் என்ன, எந்தச் சாயம், எவர் நெய்தது என்று மூத்தோரை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அக்குறிப்புகளைச் சங்கத்தில் சேர்த்து வைப்போம். கேட்பதற்கு மூத்தோர் இருக்கும்போதே இதனைச் செய்வது நலம்.