பள்ளியில் மனக்கவனப் பயிற்சி: போதையிலிருந்து பிள்ளையைக் காக்குமா?

உங்கள் பிள்ளையின் பள்ளியில் மனக்கவனப் பயிற்சி (இந்த நொடியில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது) தொடங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போதைப் பழக்கம் வராமல் தடுக்க உதவும் என்கிறார்கள். வீட்டில் இருவருமே பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறீர்கள். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் பையன் கூல் லிப்பைத் தொடாமல் இருந்துவிடுவானா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

முதலில், எந்தப் போதையைப் பற்றிப் பேசுகிறோம்? கூல் லிப் என்பது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை வராது, வெளியே தெரியாது. வகுப்பில் ஆசிரியர் எதிரிலேயே வாயில் வைத்திருக்கலாம். இது மாணவர்களிடம் பரவுவதைக் கண்டு, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது.

இன்னொன்று, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் போன்றவற்றை மோந்து பார்ப்பது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இதுதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 சதவீதம். மோந்து பார்த்தால் முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகவும் கூடும். ‘சும்மா ஒரு தடவைதானே’ என்று இதை விட்டுவிட முடியாது.

பயிற்சியில் என்ன செய்வார்கள்? மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கச் சொல்வார்கள். காலில் தொடங்கித் தலை வரை உடம்பில் எங்கே இறுக்கம், எங்கே சூடு என்று பார்க்கச் சொல்வார்கள். மனம் வேறெங்கோ ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான். மனதை வெறுமையாக்குவது நோக்கம் இல்லை.

இது சாமி காரியமா? ஆழியாறு மனவளக்கலைத் தியானப் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருப்பதால் இந்தக் கேள்வி வரும். பள்ளிகளில் சொல்லித்தரும் வடிவத்தின் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் அதை நோயாளிகளுக்காகச் சமயச் சார்பில்லாத பயிற்சியாக மாற்றினார். மந்திரம் கிடையாது, வழிபாடு கிடையாது. எந்த மதத்துப் பிள்ளையும் உட்காரலாம்.

சரி, மூச்சுக்கும் போதைக்கும் என்ன சம்பந்தம்? “ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாருடா” என்று கூட்டாளி நீட்டும்போது உங்கள் பையனுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நெஞ்சு படபடக்கிறது. மறுத்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம் வருகிறது. கெடுதல் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டித்தான் முழுதாக முதிர்கிறது. அதற்குள் கை நீண்டுவிடுகிறது.

பயிற்சி பெற்ற பிள்ளை அந்தப் படபடப்பை அடையாளம் கண்டுகொள்கிறது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் வாங்கத் தோன்றுகிறது’ என்று உணரச் சில நொடிகள் கிடைக்கின்றன. ஏற்கெனவே போதைக்குப் பழகியவர்களுக்கும் இது பொருந்தும். போதை ஏக்கம் அலை மாதிரி எழுந்து, உச்சிக்குப் போய், தானாகவே இறங்கும். அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் கவனித்தபடியே கடக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் சொல்லிக்கொடுத்தார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? போதை சிகிச்சை முடித்த 286 பெரியவர்களிடம் சாரா போவன் குழு செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மனக்கவனம் பழகியவர்கள் போதை எடுத்த நாட்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் பிரிட்டனில் 11 முதல் 14 வயதுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவு வேறு. வழக்கமான வகுப்புகளைவிட இதனால் பிள்ளைகளின் மனநலம் மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. பலன் கண்டவர்கள் ஆசிரியர்கள்தான். அவர்களுடைய வேலைச் சோர்வு குறைந்தது.

ஆகவே வகுப்பு தொடங்கிவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் சிலவற்றைக் கேளுங்கள். சொல்லித்தரும் ஆசிரியர் தானும் பழகுகிறாரா? கூட்டாளி நீட்டும்போது எப்படி மறுப்பது என்பதை நடித்துப் பார்க்க வைக்கிறார்களா? வெளி மாநிலங்களிலிருந்து வந்து ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறார்களா? அடியோ பயமோ பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் பழைய நினைவுகள் வந்து கலங்கக்கூடும்; அது கண்ணைத் திறந்தபடி உட்காரலாமா? சேட்டை செய்ததற்குத் தண்டனையாக மட்டும் இதைக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்? ஐஸ்லாந்து நாட்டைப் பாருங்கள். அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பள்ளி விட்டபின் விளையாட்டு, இசை வகுப்புகள், பெற்றோருடன் கூடுதல் நேரம், இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு ஆகியவைதான் அங்கே முக்கியமாகக் கைகொடுத்தன. நம் ஊரில் ஓட்டை எங்கே என்பது தெரிந்ததுதான். பள்ளி நாலு, நாலரைக்கு விடுகிறது. நீங்கள் வருவது எட்டரைக்கு மேல். அரை ஷிப்டை விட்டால் வாரச் சம்பளம் குறையும், அது எளிதல்ல. ஒரே லைன் வீட்டில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து, நாளுக்கு ஒருவர் ஒரு ஷிப்டோடு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி மைதானத்தை ஆறு மணி வரை திறந்து வைக்கச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடையை மறந்துவிடக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 10581 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

பையிலேயே பொட்டலத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால்? அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான். யார் கொடுத்தது, எத்தனை நாளாக, எப்போது வேண்டும் போல் இருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். பழகிவிட்ட பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லாதவை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் கூட்டிப் போகலாம். மோந்து பார்த்து மயங்கிக் கிடந்தால் மட்டும் எதையும் விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.